தோள் மாற்றும் தட்டு

இன்று காலை பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை என் முழங்கை மடிப்பில் தேய்த்தபோது அந்த வாசனை குப்பென்று எழுந்தது. அவர் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன். இரண்டு முறை தவறி, மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. "வயசானவங்க நரம்பு வழுக்கினு போவுதுங்கம்மா" என்று பழியை என் மேலேயே போட்டுவிட்டுப் போனார். நீ என் கையில் ஒரு நாளும் இரண்டாவது குத்து குத்தியதில்லை.

அவர் போன பின் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். நம் பங்கின் பாட்டுப் புத்தகம் இரண்டாம் பதிப்பாக அச்சாகப் போகிறது. பிழை பார்க்கச் சொல்லிப் பங்குத்தந்தை நேற்றே தாள்களை அனுப்பியிருந்தார். உன் பன்னிரண்டு பாடல்களும் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் இசை என்று உன் பெயர். அடியில் இசைக்குறிப்பு என்று என் பெயர். அச்சகத்தார் செய்த பிழைகள் எட்டு. நான் செய்த பிழை ஒன்றும் அதில் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நீ முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தது என் கணவர் காலமான மறு ஆண்டில், எனக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உன் ஊர். கள்ளக்குறிச்சியில் லேப் படிப்பு முடித்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாய். ஊசியைக் கையில் எடுத்ததும் ஏதோ முனக ஆரம்பித்தாய்.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டேன்.

"சும்மாங்கம்மா. நான் கட்டினது."

"நீ கட்டினதா?"

"பஸ்ஸுல வர்றப்ப வந்துச்சுங்க. ஊசிய பாக்காதீங்க, பாட்ட கேளுங்க. வலிக்காது."

எதையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அன்று ஊசியைப் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்டேன். நாற்பது ஆண்டுகளாகக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தும் அப்படி ஒரு மெட்டு என் விரலுக்கு வந்ததில்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் வா. எழுதி வைக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

நான் உனக்கு எதையும் கற்பித்ததில்லை. நீ கேட்கவும் இல்லை. உன்னிடம் மெட்டு இருந்தது, அதை எழுதும் கை உன்னிடம் இல்லை. என்னிடம் அந்தக் கை இருந்தது. கடலூரில் கான்வென்ட் விடுதியில் படித்தபோது மதர் எனக்குப் பியானோ வாசிக்கவும் இசைக்குறிப்பு எழுதவும் சொல்லித் தந்தார். காலால் தரையைத் தட்டி எண்ணுவார். "எண்ணிக்கை தவறின பாட்டு, பொத்தான் மாறிப் போட்ட சட்டை" என்பார். பத்து வயதில் கேட்டதை எழுபது வயதிலும் சட்டமாக வைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு வந்தாய். போனில் பதிந்து வைத்ததை ஒருமுறை ஓடவிடுவாய், பிறகு நீயே பாடுவாய். நான் வாசித்து, ஐந்து கோடு போட்ட தாளில் எழுதுவேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்த ஜாங்கிரியெல்லாம் நான் பாடினதுங்களாம்மா?" என்று சிரிப்பாய். எழுதி முடித்ததும் போனை எடுத்து எதையோ அழுத்துவாய். ஒரு நாள் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"அழிக்கிறேங்கம்மா. போன்ல எடமே இல்ல."

"பாட்டையா அழிக்கிற?"

"அதான் நீங்க எழுதிட்டீங்களே. இதவிட ஜாஸ்தி இன்னா வேணும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்று கை கூசுகிறது.

ஏனென்றால் நான் எழுதியது நீ பாடியதை அப்படியே அல்ல. திருத்தி எழுதினேன். ஓரிடத்தில் ஒரு தட்டு அதிகம் நின்றால் வெட்டுவேன். ஓரிடத்தில் குரல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் படிக்கட்டு போல் இறக்கி வைப்பேன். நான் வாசித்துக் காட்டுவேன். நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்கம்மா" என்று சொல்லி நான் வாசித்தபடியே திரும்பப் பாடுவாய். புத்திசாலிப் பெண், சொன்னால் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது பாட்டுக்கு மட்டும் நீ சரி சொல்லவில்லை.

அது உங்கள் ஊரில் மாதா சப்பரத்தைத் தோளில் சுமந்து மலையேறும்போது பாடுவதற்காகக் கட்டியது. "மேடு இருக்குது தாயே, மெதுவா வா; தோள் இருக்குது தாயே, சாஞ்சுக்கோ." இரண்டே வரி. அந்த இரண்டு வரியில் நீ ஒரு மலையையே ஏற்றி வைத்திருந்தாய். நான்கு நான்கு தட்டாகச் சீராக வந்த பாட்டு இரண்டாம் வரியின் முடிவில் ஒரு தட்டு கூடுதலாக நின்றது. யாரும் பாடாத, வெறுமையான ஒரு தட்டு. நான் அதை வெட்டினேன்.

"அங்க ஒண்ணு நிக்கணும்ங்கம்மா" என்றாய்.

"நாலுதான் வருது. அஞ்சு வராது."

"வரணுங்கம்மா. தோள் மாத்தணும்ல."

"யாரு தோள் மாத்தணும்?"

"சப்பரம் தூக்கறவங்க. எல்லாரும் ஒரே நேரத்துல மாத்தணும்ங்க. ஆளுக்கு ஒரு நேரம் மாத்தினா சாஞ்சிடும்."

"இது கோயிலுக்குள்ள பாடுற புத்தகம். கோயிலுக்குள்ள யாரு தோள் மாத்தப் போறா?"

"இருக்கட்டுமேம்மா. ஒரே ஒரு தட்டுதானே."

நீ எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. நான் ஆர்மோனியத்தை மூடினேன். பிறகு சொல்லக் கூடாததைச் சொன்னேன். "நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு? மலையில எண்ணுறது வேற, ஊருல எண்ணுறது வேறயா?"

நீ என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாய். "உங்க இஷ்டங்கம்மா" என்றாய். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல், "மாத்திர மறக்காதீங்க, சாப்ட்டப்புறம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றும் போனில் பாட்டை அழித்தாயா என்று நான் கவனிக்கவில்லை. பிறகு உன் விடுதிப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது, அழித்திருந்தாய்.

புத்தகம் வந்ததும் ஒரு முறை வந்தாய். அந்தப் பக்கத்தைத் திறந்து வரிசையின் மேல் விரலை ஓட்டினாய். இரண்டாம் வரியின் கடைசியில் விரல் கொஞ்சம் நின்றது. "அச்சு நல்லா இருக்குங்கம்மா" என்றாய். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. நான்கு மாதங்கள். லேப் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. வயதில் சிறியவள் நீ, நீதான் முதலில் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஊரெல்லாம் ரத்தம் பார்த்த நீ உன் ரத்தத்தை நான்காம் நாள்தான் பார்த்தாய். ஐந்தாம் நாள் இல்லை. இருபத்தைந்து வயது. உன்னை மலைக்குக் கொண்டுபோனார்கள். பாடற்குழுவினர் வேன் பிடித்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினேன். வலி இருந்தது உண்மைதான். ஆனால் நான் வராததற்குக் காரணம் அது இல்லை. என்னை மன்னித்தாயா என்று கேட்கக்கூட ஆள் இல்லாத இடத்தில் மற்றவர்கள் முன் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

உன் பாடல்கள் நிற்கவில்லை. ஓராண்டுக்குள் தியாகதுருகம் பக்கத்துக் கோயில்களில் பாடினார்கள். கல்யாணத்தில் பாண்டு செட்டுக்காரர்கள் வாசித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் போனில் அனுப்பி, "இது உங்க பக்கத்துப் பாட்டாமே" என்று கேட்டார்கள். பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு உன் பெயர் தெரியாது. தெரிந்தவர்கள் என்னிடம் வந்து புகழ்ந்தால் என்ன சொன்னேன் தெரியுமா? "மெட்டு அவளது. ஒழுங்குபடுத்தினது நான்." எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் உங்கள் ஊர் மாதா திருவிழா. பங்குத்தந்தை விடவில்லை. "உங்க பாட்டுதாம்மா அங்க பாடுறாங்க. நீங்க வரணும்" என்றார். உங்க பாட்டு என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. பிறர் சொல்லில் ஓர் எழுத்து தவறினாலும் திருத்துகிறவள் நான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறினோம். இத்தனை ஆண்டுகளில் உன் ஊரை அன்றுதான் பார்த்தேன். கீழ்க்குடியிருப்பில் பூசை. முடிந்ததும் மாதா சுரூபம் வைத்த சப்பரத்தை இரண்டு நீள மூங்கில்களில் கட்டி, பன்னிரண்டு பேர் தோளில் ஏற்றினார்கள். மேட்டின் உச்சியில் இருக்கும் சிற்றாலயம் வரை சுமக்க வேண்டும். என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். நடக்கிறேன் என்றேன். சரிவு தொடங்கும் இடத்தில் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வரியின் முடிவில் அத்தனை பேரும் ஒரு தட்டு நின்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் பாடிக்கொண்டு வந்த பெண்ணிடம், "தப்பாப் பாடுறீங்க. அங்க நிக்கக் கூடாது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருங்கம்மா?"

"கள்ளக்குறிச்சிக் கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிறவ. இந்தப் பாட்டை எழுதினது நான்தான்."

"ஓ, ஆர்மோனியப் பொட்டிக்காரம்மா!" என்று குரலை உயர்த்தினார். முன்னால் போன பெண்கள் திரும்பினார்கள். "இன்னா சொல்றாங்க தெரியுமா? தப்பா பாடறோமாம். ஏங்கம்மா, நீங்க கீழ ஒக்காந்துகினு பாடறீங்க, நாங்க தூக்கினு ஏறிக்கினே பாடறோம். ஒரு கொம்புல தோள் குடுத்துப் பாத்துட்டு அப்பறமா சொல்லுங்க, எது தப்புன்னு."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது. இந்த முறை பாடுகிறவர்களைப் பார்க்காமல் சுமக்கிறவர்களைப் பார்த்தேன். அந்த வெறும் தட்டில் பன்னிரண்டு பேரின் கால்களும் நின்றன. மூங்கில்கள் தலைக்கு மேல் ஒரே சமயத்தில் உயர்ந்து, இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு மாறின. சப்பரம் சாயவில்லை. மாதாவின் தலையில் இருந்த பூகூட நழுவவில்லை. மறு தட்டில் பாட்டும் காலும் ஒன்றாகப் புறப்பட்டன.

"அவ எங்கண்ணன் மவ" என்றார் அந்தப் பெண், இப்போது கேலி இல்லாமல். "அவ சின்னதா இருந்தப்ப இதே மோட்டுலதான் எங்கண்ணன் வுழுந்தாரு. தோள் மாத்தறப்ப இவரு மாத்திட்டாரு, பின்னாடி இருந்தவன் மாத்தல. மூங்கி எறங்கி இடுப்புல. அன்னிலேர்ந்து சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாரு. அதுக்குத்தாங்கம்மா அவ இந்தப் பாட்டு கட்டினா. அது வந்தப்பறம் ஒருத்தரும் வுழல."

உன் அப்பாவை அவர்தான் காட்டினார். கூட்டத்தின் கடைசியில், கோலூன்றி, ஒரு பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை நின்றேன். என்னை யாரென்று சொன்னதும் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"உங்களப் பத்தித்தாங்கம்மா எந்நேரமும் பேசும். 'அந்தம்மா எழுதினா அச்சு மாதிரி இருக்கும்பா. ஒரு எழுத்து தப்பாது'ன்னு சொல்லிக்கினே இருக்கும்."

அவரிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. நீ என்னைப் பற்றி அவரிடம் குறை சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை இங்கே நிறுத்திவிட்டு, அச்சுத் தாளை எடுத்து அந்தத் தட்டைத் திரும்ப வைத்தேன். 'சாஞ்சுக்கோ' என்று நீ பாடியதைப் புத்தகத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று 'சாய்ந்திடுவாய்' ஆக்கியிருந்தேன். அதையும் அடித்து உன் சொல்லை எழுதினேன். பாடற்குழுவை நடத்தும் பெண்ணைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஐயோ ஆன்ட்டி, எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டாங்களே! இப்ப போயி மாத்தினா பாதிப் பேரு நிப்பாங்க, பாதிப் பேரு போய்க்கினு இருப்பாங்க. கேக்கவே கண்றாவியா இருக்கும்."

"இருக்கட்டும். ஒரு வருஷம் கண்றாவியாப் பாடுங்க."

"தப்புன்னு யாராவது கேட்டா?"

"தப்பு பழைய புத்தகத்துலன்னு சொல்லு. எழுதினவ பண்ணின தப்புன்னு சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு."

பழைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க ஆன்ட்டி" என்றாள். அந்தச் சரியைக் கேட்டதும் உன் சரி நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் தாளைப் புரட்டினேன்.

மற்ற பதினொன்று.

மலையில் உன் ஊரார் அந்த ஒரு பாட்டைத் தோளில் வைத்துக் காப்பாற்றினார்கள். மற்றவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டியவை. யாரும் சுமந்துகொண்டு பாடியதில்லை. எல்லாரும் என் எழுத்திலிருந்துதான் கற்றார்கள். மலைக்குப் போன் செய்து கேட்டேன். உன் அப்பாவுக்குத் தெரியவில்லை, அத்தைக்குத் தெரியவில்லை. விடுதியில் உன்னோடு இருந்த இரண்டு பெண்களையும் கேட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே பாடிக் காட்டினார்கள். முதலில் எழுதிய தாள்கள் கிறுக்கலாக இருந்ததால், படி எடுத்த கையோடு கிழித்துப்போடுவது என் வழக்கம். உன் குரலில் இருந்ததை நீ அழித்துவிட்டாய், நான் எழுதிவிட்டேன் என்ற நம்பிக்கையில்.

பன்னிரண்டாவது பாட்டுக்கு நீ வாதாடினாய், அப்பாவின் இடுப்புக்காக. மற்றவற்றில் நான் முகம் சுளித்ததும் விட்டுக்கொடுத்தாய். எதையெதை விட்டுக்கொடுத்தாய்? மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் நீ சட்டென்று குரலைத் தாழ்த்தியதும், நான் நிமிர்ந்து பார்த்ததும், நீ சிரித்துவிட்டு நேராகப் பாடியதும் நினைவிருக்கிறது. எந்த வரி என்று நினைவில்லை. எட்டாவதில் ஒரு நீட்டல் இருந்தது. எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. ஊகித்து எழுதினால் அதுவும் என் கையாகத்தான் இருக்கும்.

அதனால் அந்தப் பதினொரு பாடல்களையும் தொடவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதினேன்: "இசையமைத்தவர் பாடியது இவ்வாறே அன்று. எழுதியவர் மாற்றியிருக்கிறார். எங்கே என்பது இப்போது தெரியவில்லை." பங்குத்தந்தை மாலையில் வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"பாட்டுப் புத்தகத்துல இப்படியெல்லாம் போடுவாங்களாம்மா?"

"போடுங்க ஃபாதர்."

"ஒரு பாட்டுக்குக் கீழ போட்டா போதாதா? பதினொண்ணுலயுமா?"

"பதினொண்ணுலயும்தான் செஞ்சேன்."

அவர் தாள்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். போட்டாலும் போடாவிட்டாலும் அச்சுப்பிழை பார்க்க இன்னொரு முறை என்னிடம்தான் வரும். வரியைக் காணவில்லை என்றால் மறுபடியும் எழுதுவேன்.

இந்தக் கடிதத்தை முடிக்காமலே வைத்து நான்கு ஞாயிறு கடந்துவிட்டது. இப்போதெல்லாம் ஞாயிறு பூசையில் உன் பாடல் வரும்போது என் விரல்கள் கட்டைகளின் மேல் அங்கங்கே தயங்குகின்றன. ஒரு வரி முடியும் இடத்தில், இங்கேயா என்று நிற்கின்றன. அடுத்த வரியில், இல்லை அங்கேயா என்று நிற்கின்றன. பாடற்குழு எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது, பின்னால் ஓடிப் பிடிக்கிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை வரவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர் அக்கறையாக வந்து, வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். நீ எங்கே நின்றாய் என்பதை என் காது ஒரு நாளாவது சொல்லும் என்று இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.